எண்பத்து நான்காம் அறை

இழுவைக்கு அரைமணி நேரம் இருக்கும்போது செலத்தில் எல்லா வீடுகளிலும் ஒரே வேலைதான். அடுப்பை அணைப்பார்கள். குழந்தைகளைக் கட்டிலோடு சேர்த்து வாரால் கட்டுவார்கள். மூச்சுக் கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பனிச்சுவரில் காதை வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். சுவர் முனகும். முனகினால் நல்லது, பனி வளைந்துகொடுக்கிறது என்று அர்த்தம். முனகாமல் சும்மா இருந்தால்தான் ஆபத்து, எங்கோ பிளக்கப் போகிறது.

சனிக் கோளைச் சுற்றும் நிலாக்களில் ஒன்றுக்கு என்செலடஸ் என்று பெயர். நம்மவர் வாய்க்கு அது சரிப்படவில்லை, செலம் என்று சுருக்கிக்கொண்டார்கள். பனிக்கு அடியில் இருக்கும் கடலிலிருந்து நீரை எடுத்து விண்கலங்களுக்கு ஏற்றும் வேலை. முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை செலம் சனியைச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டத்தில் சனி அதைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கும். அதுதான் இழுவை. குடியிருப்பு முழுக்கப் பனிக்குள் குடைந்த ஒரே நேர்ச் சுரங்கம்தான். ஒரே அளவுள்ள அறைகள் வரிசையாக, ரயில் பெட்டிகள் மாதிரி. அறைகளின் கதவுகள் எல்லாம் நீண்ட நடைவழி ஒன்றில் திறக்கும். யாருக்கும் எடையே இல்லாத ஊர் என்பதால் நடைவழியில் நடப்பதில்லை, சுவரில் ஓடும் கயிற்றைப் பிடித்து மிதந்து போவார்கள்.

எத்தனை அறைகள் என்று கேட்டால் மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கடைசிக் கதவின் எண்ணைச் சொல்வார்கள்: தொண்ணூற்றொன்பது.

விஷயம் இதுதான். இவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் பூமியில் வண்டி வாங்கினால் எண்ணைக் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் வண்டியே வேண்டாம் என்று திரும்பிவிடுவார்கள். எட்டு, சனியின் எண். அப்படிப்பட்டவர்கள் பிழைப்புக்காகச் சனியின் மடியிலேயே வந்து குடியேறினார்கள். வந்த முதல் வேலையாகக் கூட்டம் போட்டு, எந்தக் கதவிலும் எட்டு இருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஏழுக்குப் பிறகு ஒன்பது. பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது. எழுபத்தொன்பதுக்குப் பிறகு நேரே தொண்ணூறு. பனிக்கு மேலே ஏறிப் பார்த்தால் வானத்தை அடைத்துக்கொண்டு சனியே நிற்கிறது, கதவில் எட்டை எடுத்து என்ன ஆகப்போகிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஜாதியும் கிடையாது, மதமும் கிடையாது. மூன்று தலைமுறையில் அந்த எண்ணின் பெயரே வாயில் வராமல் போயிற்று. தவிர்க்க முடியாத இடத்தில் ‘மந்தன்’ என்பார்கள். சனிக்குப் பஞ்சாங்கத்தில் இருக்கிற பெயர். பள்ளியில் கணக்குக்காக எழுதலாம், எழுதிய கையோடு அழித்துவிட வேண்டும்.

முதலில் நான்காம் அறை போனது. ஓர் இழுவையின்போது அதன் பின்சுவர் குறுக்கே பிளந்தது. அழுத்தக் கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளே இருந்த இருவரும் உள்ளேயே இருந்தார்கள். அடுத்த சுற்றில் பதினான்காம் அறை, அதில் மூன்று பேர். அதற்கடுத்த சுற்றில் இருபத்து நான்கு. ஆளில்லாத கிடங்கு என்பதால் தப்பித்தார்கள். முப்பத்து நான்கில் இருந்த குடும்பம் கிளம்ப மறுத்தது. அவர்களை இழுத்து வெளியே தள்ளியவன் தென்னவன். அவன் வெளியே வருவதற்குள் காற்று போய்விட்டது. உயிர் இருந்தது. நுரையீரல் பாதிதான் இருந்தது.

தென்னவனின் மனைவி அமுதினி. சுரங்கத்தின் காற்றுக் குழாய்களைப் பார்த்துக்கொள்கிறவள். கணவனைத் தொண்ணூற்று நான்காம் அறையில் சேர்த்தார்கள். அதுதான் சிகிச்சைக் கூடம். செலத்தில் இருந்த ஒரே நுரையீரல் பொறி அங்கே சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. அவனை அதிலிருந்து எடுத்தால் கையால் அமுக்குகிற மூச்சுப்பையை வைத்து இருபது நிமிடம் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு பொறியை மூன்றாம் அறையில் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆறு சுற்று ஆகும் என்றார்கள்.

நாலு, பதினாலு, இருபத்து நாலு, முப்பத்து நாலு. பத்துப் பத்தாக நகர்கிறது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிட்டது. அமுதினிக்கு அது போதவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தொண்ணூற்று நான்கின் முறை எப்போது? ஊர்ச்சபைக்குப் போய்ப் பலகையில் எழுதிக் காட்டினாள். முதல் உறுப்பு நாலு. பொது வித்தியாசம் பத்து. முதல் அடிக்குப் பத்து எதுவும் சேரவில்லை, இரண்டாவதற்கு ஒரு பத்து, மூன்றாவதற்கு இரண்டு. ஆகவே எத்தனையாவது அடியோ அதில் ஒன்று குறைத்துப் பத்தால் பெருக்கி, நாலைக் கூட்ட வேண்டும். சுருக்கினால் 10n − 6. இதுதான் பொது உறுப்பு. தொண்ணூற்று நான்கு வர வேண்டுமானால் n பத்து. பத்தாவது இழுவை.

இப்போது நாலு முடிந்திருக்கிறது. புதிய பொறி தயாராக ஆறு சுற்று. பத்தாவது இழுவைக்கு முன்னால், மயிரிழையில், தென்னவனை மாற்றிவிடலாம். அன்றைக்குத்தான் அவள் சாப்பிட்டாள்.

சூத்திரம் பலித்தது. நாற்பத்து நான்கைக் காலி செய்தார்கள், நாற்பத்து நான்கு போனது. ஐம்பத்து நான்கு, அறுபத்து நான்கு, எழுபத்து நான்கு. ஓர் உயிர்கூடப் போகவில்லை. 10n − 6 என்பதை நடைவழிச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தார்கள். போகிற வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அமுதினிக்குக் கூச்சமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அவளுக்கு ஒரே வேலை. பழைய பிளவிலிருந்து புதிய பிளவு வரை குழாயை மாற்ற வேண்டும். ஓர் அறைக்கு ஒரு துண்டு. குழாய்க் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் அக்காவிடம் பத்துத் துண்டு கேட்டு வாங்குவாள். வேலை முடிந்தால் ஒன்று மிச்சம் இருக்கும். அக்காவுக்குக் கை தாராளம், பதினொன்று கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வாள். மிச்சத்தை அறைக்கு எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் சொருகி வைப்பாள்.

அடுத்தது ஒன்பதாவது இழுவை. ஒன்பதைப் பத்தால் பெருக்கி ஆறைக் கழித்தால் எண்பத்து நான்கு. சபையில் அந்த விடை பலகையில் விழுந்ததும் முதலில் எல்லாரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். பிறகு தலைவர் சபாநாயகம் எழுந்து நின்றார். பெரிய உடம்பு, கனிந்த குரல். அவர் முகத்தில் சந்தோஷம் மெல்லப் பரவியது. மந்தன்-நாலு என்றொரு அறையே நம்மிடம் கிடையாதே என்றார். பெரியவர்கள் எவ்வளவு தீர்க்கதரிசனத்தோடு அந்த எண்ணை விலக்கி வைத்திருக்கிறார்கள், இந்தச் சுற்றில் சனீஸ்வரன் ஓங்குகிற கை காற்றில்தான் விழும் என்றார். ஒருவரும் எந்த அறையையும் காலி செய்ய வேண்டாம். இழுவை நேரத்தில் சிகிச்சைக் கூடத்தில் நோயாளிகளோடு சேர்ந்து பாயசம். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அமுதினியும் கைதட்டினாள். ஆனால் அதன்பிறகு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என்ன பயம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இல்லாத அறை என்றால் அது எங்கே இருக்கிறது? எழுபத்தொன்பதின் கதவும் தொண்ணூறின் கதவும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு கை நுழைய இடமில்லை. சனி அங்கே எங்கே அடிக்கும்?

ஒன்பதாவது இழுவைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது எழுபத்து நான்கு வரையான குழாய் வேலையை முடித்துவிட்டு, எழுபத்தொன்றாம் எண்ணுள்ள தன் அறைக்கு வந்தாள். வழக்கம் போல ஒரு துண்டு மிச்சம். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். உள்ளே போகவில்லை, ஏற்கெனவே நிறைந்திருந்தது. எல்லாவற்றையும் வெளியே இழுத்தாள். ஏழு துண்டுகள் காற்றில் மெதுவாக மிதந்து அவளைச் சுற்றி நின்றன.

ஏழு. அடி விழுந்த இடங்கள் ஏழும் ஒன்றும். இடைவெளிகள் ஏழு. இடைவெளிக்கு ஒன்று.

எஸ்தர் அக்கா எண்ணாமல் கொடுக்கிறவள் இல்லை. ஒரு திருகாணிக்குக் கையெழுத்து வாங்குகிறவள். பத்து கேட்டால் பத்துதான் கொடுத்திருப்பாள். அப்படியானால் வேலையில் பிடித்தது ஒன்பது. நாலாம் கதவிலிருந்து பதினாலாம் கதவுக்கு ஒன்பது அறைகள். ஏனென்றால் நடுவே ஒரு கதவு... அந்தக் கதவே கிடையாது. பிளவு பத்துப் பத்தாக நகரவில்லை. ஒன்பது ஒன்பது அறையாக நகர்கிறது. பத்து என்பது கதவில் எழுதியிருக்கிற கணக்கு. பனிக்கட்டி எந்தக் கதவைப் படித்தது?

எழுபத்து நான்கிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். எழுபத்தைந்து, எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தொன்பது, தொண்ணூறு. ஐந்து விரல் ஆயிற்று. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று. ஒன்பதாவது விரலை மடக்கினாள். தொண்ணூற்று நான்கு.

இருக்கிற நேரம் அரைமணிகூட இல்லை. கயிற்றைப் பிடித்து அவள் போன வேகத்தில் உள்ளங்கை தோல் உரிந்தது. வழியெல்லாம் கதவு திறந்து கிடந்தது. சிகிச்சைக் கூடத்தில் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். பன்னிரண்டு நோயாளிகள், மற்றவர்கள் விருந்துக்கு வந்தவர்கள். உறிஞ்சு பைகளில் பாயசம். மூலையில் தென்னவன், கண்ணை மூடி, பொறி தள்ளுகிற மூச்சை வாங்கிக்கொண்டு.

அவள் மூச்சு வாங்கியபடியே சபாநாயகத்திடம் விஷயத்தைச் சொன்னாள். குழாய்த் துண்டைச் சொன்னாள், ஒன்பதைச் சொன்னாள், விரலை மடக்கிக் காட்டினாள். அவர் பொறுமையாகவே கேட்டார். அதுதான் கொடுமை.

“அமுதினி, இது உன் சூத்திரம்மா. நீயே சந்தேகப்படலாமா?”

“சூத்திரம் சரிங்க ஐயா. கதவுதான் பொய். அறைகளை வரிசையா எண்ணிப் பாருங்க. எழுபத்து நாலு அறுபத்தேழாவது அறை, இது எழுபத்தாறாவது.”

“எண்ணக் கூடாதும்மா,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “மொத்தத்தை எண்ணினா எந்த எண்ல போய் முடியும்னு உனக்குத் தெரியாதா? எங்கப்பா காலத்துத் தீர்மானம்.”

எண்பதில் போய் முடியும். செலத்தில் எண்பது அறைகள். அதனால்தான் மூன்று தலைமுறையாக ஒருவரும் எண்ணவில்லை.

செவிலி ரஹ்மத்திடம் ஓடினாள். பொறியைக் கழற்று, அவரைத் தூக்கு என்றாள். ரஹ்மத் நல்ல பெண்தான். தலைவர் சொல்லாமல் எப்படி அக்கா, கழற்றினா இருபது நிமிஷம்தானே, ஒன்றும் ஆகாமல் போய் இவருக்கு ஏதாவது ஆயிட்டா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அமுதினி சுவரில் காதை வைத்தாள். முனகல் இல்லை. இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம். இத்தனை பேருக்கு ஒன்பதின் கணக்கைப் பத்து நிமிடத்தில் புரியவைக்க முடியாது. பத்து வருடத்திலும் முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

இடுப்பில் குழாய்களுக்குக் குறியிடும் மைக்குப்பி இருந்தது. திறந்தாள். கூடத்தின் உட்சுவரில், எல்லாருக்கும் தெரியும்படி, ஓர் ஆள் உயரத்துக்கு எழுதினாள். கறுப்பாக, அழுத்தமாக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வட்டம்.

8.

பாயசப் பைகள் பறந்தன. நாற்பது பேர் ஒரே கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். மூன்று சுற்றாகத் திரும்பிப் படுக்கவே முடியாது என்று கிடந்த நோயாளி ஒருவர் தானே வாரை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களைக் கட்டிலோடு இழுத்துக்கொண்டு போனார்கள், எடையில்லாத ஊரில் அது ஒரு வசதி. சபாநாயகம் முதல் ஆளாக வெளியேறினார் என்பதைச் சபைக் குறிப்பு பதிவு செய்யவில்லை. ரஹ்மத் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே பொறியைக் கழற்றி, மூச்சுப்பையைத் தென்னவன் முகத்தில் பொருத்தி அமுக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தலைவரின் அனுமதி தேவைப்படவில்லை. அமுதினி கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துத் தள்ளினாள். கடைசியாக அவள்தான் வெளியே வந்தாள்.

அவர்கள் தொண்ணூறைத் தாண்டும்போது பின்னால் ஒரே ஓர் அடி விழுந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. தொண்ணூற்று நான்கின் அழுத்தக் கதவு தானாக மூடிக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டியது. நடைவழியில் மிதந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் விடாமல் உயிரோடு இருந்தார்கள்.

மூன்றாம் அறையில் புதிய பொறிக்குக் கடைசி இணைப்புகள் மட்டும் மிச்சமிருந்தன. மூச்சுப்பையைப் பொருத்திய பதினேழாவது நிமிடத்தில் அதை முடித்தார்கள். தென்னவன் பிழைத்தான்.

விசாரணை மறுநாள். அமுதினி பலகையில் எழுதினாள்: 9n − 5. நாலு, பதின்மூன்று, இருபத்திரண்டு. கதவு எண்ணை விட்டுவிட்டு வரிசையில் எண்ணினால் ஒன்பதாவது அடி எழுபத்தாறாவது அறையில் விழுந்திருக்கிறது. பத்தாவது எண்பத்தைந்தில் விழும். நமக்கு இருப்பது எண்பதுதான், ஆகவே பிளவு சுரங்கத்தைத் தாண்டிப் போய்விட்டது, இனிமேல் பயமில்லை என்றாள். அவள் ‘எண்பது’ என்று சொன்னபோது சபையில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குமேல் அவள் சொன்னது எதுவும் அவர்கள் காதில் விழவில்லை.

தலைவருக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். சூத்திரப்படி இந்தச் சுற்றில் அடி இல்லாத அறையில் விழ வேண்டியது. தொண்ணூற்று நான்கின் முறை அடுத்த சுற்றுதான். ஆனால் சுவரில் அந்த எண்ணை எழுதிச் சில நிமிடத்தில் அறை போயிற்று. நாற்பது பேர் கண்ணால் பார்த்த சாட்சி. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று கேட்டார். காக்கையும் இல்லாத, பனையும் இல்லாத ஊரில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்துவிட்டது.

உயிர்கள் தப்பியதால் தண்டனையைக் குறைத்தார்கள். குழாய் வேலையிலிருந்து அவளை நீக்கினார்கள். பரிகாரமாக ஒன்பது சுற்றுக்கு ஊர் முழுக்க விளக்கேற்றுவது என்று முடிவாயிற்று. பத்தாவது இழுவை வந்தது. சுவர் முனகியது, எந்த அறையும் போகவில்லை. அவள் சொன்னபடிதான். பரிகாரம் பலித்தது என்று சுரங்கம் முழுக்கக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அன்று அவள் மூன்றாம் அறைக்குப் போனாள். தென்னவனுக்குப் பேச்சு வந்திருந்தது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு. எல்லாம் கேள்விப்பட்டிருந்தான். அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். ஒரு சுரங்கமே தன்னைக் குற்றவாளியாகப் பார்த்தாலும் இவன் ஒருவனுக்குத் தெரியும் என்று அவளுக்கு அழுகை வந்தது.

“அமுதி,” என்றான். “நீ செஞ்சது... தப்பில்ல. உயிரக் காப்பாத்தின. ஆனா...”

“சொல்லுங்க.”

“எழுதறதுக்கு... வேற நம்பரா... கிடைக்கல?”

அவன் உதடு லேசாக நீலம் பாரித்த மாதிரி இருந்தது. பொறியின் திரையை நிமிர்ந்து பார்த்தாள். ரத்தத்தில் உயிர்க்காற்று எவ்வளவு என்று அது காட்டும். தொண்ணூறும் அதற்கு மேலும் இருந்தால் பயமில்லை. குறைந்தால் உடனே காற்றைக் கூட்ட வேண்டும். திரையில் 90 என்று இருந்தது.

“நல்லா இருக்காரு அக்கா, தொண்ணூறு,” என்றாள் ரஹ்மத். “இது புதுப் பொறி. பழசுல அடிக்கடி மந்தன் வந்து எல்லாரையும் பயமுறுத்தும். தலைவர் சொல்லி, இதுல எடுத்துட்டாங்க. எழுபத்தொன்பதுக்கு மேல போனா நேரா தொண்ணூறுதான்.”

அமுதினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தொண்ணூறா, எண்பதா? கணவனின் மணிக்கட்டைப் பிடித்து, வாய்க்குள்ளேயே, யாருக்கும் கேட்காமல், நாடியை எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழுக்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை.